அம்மாவின் நடைக்கு ஒரு பயணத் திட்டம்

என் அம்மாவைப் பெற்ற தாத்தா பினாங்கில், செட்டியார்கள் ஒன்றாகத் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கி ஒன்றில் சமையற்காரராக இருந்தவர். மேலூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாகப்பட்டினம் போய் ரஜுலா கப்பல் ஏறுவார். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி, ஆறேழு மாதம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பல் ஏறுவார். 1961இல் ஊரோடு வந்துவிட்ட பிறகு, மாலை வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஊர்க் கதைகளைச் சொல்வாராம். ஒரே கூடத்தில் வரிசையாக இருந்த செட்டியார்களின் பெட்டிகளையும், எல்லாருக்கும் சேர்த்துப் பொங்கிய பெரிய அண்டாவையும், வேலை முடிந்தபின் "அஞ்சடியில்" பாய் விரித்துப் படுத்ததையும் அம்மா இன்றும் அவர் சொன்ன மாதிரியே சொல்வார். அஞ்சடி என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. தாத்தாவிடம் கேட்கவும் தோன்றவில்லை. பினாங்கு வீதி என்று முகவரியிட்ட நீல நிற விமானத் தபால்கள் நான்கு மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தன.

2018இல் நானும் கணவரும் மகளும் மதுரையில் ஒரு பயண ஏற்பாட்டாளர் மூலமாகச் சிங்கப்பூர், மலேசியா போய்வந்தோம். பினாங்கையும் சேர்க்க முடியுமா என்று கேட்டபோது, "அங்கிட்டெல்லாம் குரூப் போகாதுக்கா" என்று அவர் முடித்துவிட்டார். அந்தப் பயணத்தில் பத்துமலையில் எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். ஒரு சாக்லேட் கடையில் நிற்க வைக்கப்பட்டது ஒன்றரை மணி நேரம். எங்கள் குழுவில் சிம்மக்கல்லிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள், மூன்றாம் நாள் கால் வீங்கிவிட்டதால், மற்றவர்கள் இறங்கிப் பார்க்கும் இடங்களிலெல்லாம் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. என் அம்மாவை ஒருநாளும் இப்படி அழைத்து வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நாற்பது பேரை ஒரு பேருந்தில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவது எளிய வேலையில்லை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் எதற்காக அந்த ஊருக்குப் போக விரும்புகிறாரோ அந்தக் காரணத்துக்கு அந்தப் பேருந்தில் இருக்கை கிடையாது.

நான் தெற்கு மாசி வீதியில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் அம்மாவைப் பினாங்குக்கு அழைத்துப் போகும் பயணத்துக்கும் ஒரு பேரேடு போட்டேன். முதல் பக்கத்தில் பார்க்க வேண்டிய இடங்களை நான் எழுதவில்லை. போகிற நான்கு பேரை எழுதினேன். அம்மா: வயது 71, வலது முழங்கால் வலி, இருபது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் உட்கார வேண்டும், சர்க்கரை மாத்திரை இரண்டு வேளை, இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு. அவர் பார்க்க விரும்புவது தாத்தா இருந்த தெரு. கணவருக்கு ரயில் என்றால் உயிர். விடுப்பு பத்து நாளுக்கு மேல் கிடையாது. மகள் காலையில் ஒன்பதுக்கு முன் எழமாட்டாள், இரவில் சுற்றச் சலிக்கமாட்டாள். எனக்குக் கடல் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தைத் தாமே ஏற்பாடு செய்ய நினைக்கும் எவருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இந்தப் பக்கத்தை எழுதுவதுதான். இடங்களிலிருந்து தொடங்கும் திட்டம் ஒன்றோடொன்று போட்டி போட்டு நீண்டுகொண்டே போகும்; ஆட்களிலிருந்து தொடங்கினால் வேண்டாதவை தாமே உதிர்ந்துவிடும். எங்கள் பேரேட்டில் கெந்திங் மலையும் கேளிக்கைப் பூங்காக்களும் இப்படித்தான் முதல் நாளே உதிர்ந்தன.

அடுத்த வேலை பாஸ்போர்ட். நாங்கள் மூவரும் முன்பே எடுத்திருந்தோம், அம்மாவுக்குத்தான் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம்; அறுபது வயதைக் கடந்தவர்களுக்குப் புதிய விண்ணப்பத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதால் 1,350 ரூபாய் கட்டினோம். பணமோ வரிசையோ இதில் பெரிய பாடு இல்லை. நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய பாடு பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தலைப்பெழுத்தோடு வாழ்நாள் முழுவதும் சிக்கலில்லாமல் இருந்துவிடுகிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பமோ தலைப்பெழுத்தை ஏற்காது, அதை விரித்து எழுதச் சொல்லும். குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, பெயரை மட்டும் எழுதவும் வழி இருக்கிறது. பலர் அப்படித்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, துபாய் போகவிருந்த நம்மவர்கள் பலர் தவித்துப்போனார்கள். கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆகவே புதிதாக எடுப்பவர்கள் இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அம்மாவின் ஆதாரிலும், ஐந்தாம் வகுப்பு முடித்தபோது வாங்கிய மாற்றுச் சான்றிதழிலும் தாத்தாவின் தலைப்பெழுத்தே இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் மாற்றவில்லை. அப்பா பெயரைப் போடலாமா, தாத்தா பெயரைப் போடலாமா என்று நான் கேட்டேன். அம்மா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இருக்கிறதையே விரிச்சு எழுது, அவரு போன ஊருக்குத்தானே போறோம்" என்றார். அப்படியே எழுதினோம். பந்தயத் திடல் பக்கம் இருக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கைரேகை வைத்து வந்தபின், திருநகர் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். அதன்பின் அஞ்சலில் வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சரிபார்ப்புத் தேவை என்ற குறிப்பு விழும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தியிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தக் குறிப்பு வராது. வந்தாலும், அது வேலைக்குப் போகிறவர்களுக்கான சரிபார்ப்பே தவிரச் சுற்றுலா போகிறவர்களைத் தடுப்பதற்கானதன்று.

விசாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள்வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடச் சான்றும் கையில் இருக்க வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. அதை நிரப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் தளங்கள் தேடுபொறியில் முன்னால் வந்து நிற்கின்றன என்பதால், மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில்தான் நிரப்புகிறோமா என்று இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கிற அன்றைக்கு அரசுத் தளத்தைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

தேதி குறிப்பதற்கு நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு நாள்கூட வீண் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் மலேசியாவின் கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்துத் தீவுகளை மார்ச் வரை ஏறத்தாழ மூட வைக்கிறது. மேற்குக் கரையிலிருக்கும் பினாங்குக்கோ டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் மழை குறைந்த காலம். ஒரே நாட்டுக்கு "நல்ல சீசன்" என்று ஒன்றைச் சொல்ல முடியாது, எந்தக் கரை என்று கேட்க வேண்டும். அடுத்துத் திருவிழாக்கள். 2025இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29. அந்த வாரத்தில் பினாங்கில் கடைகள் மூடியிருக்கும், விடுதிகள் நிரம்பியிருக்கும். பிப்ரவரி 11 தைப்பூசம். தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போவது, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை பார்க்க வருவதற்குச் சமம். வாழ்நாளில் ஒருமுறை காண வேண்டிய காட்சிதான், ஆனால் முழங்கால் வலியுள்ள 71 வயதுக்காரரை அழைத்துப் போகும் நாள் அதுவன்று. மார்ச் தொடக்கத்தில் ரமலான் நோன்பு. இடையில் பிப்ரவரி 26 மகாசிவராத்திரி. எங்களுக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் நாள், அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருக்க முடியாது. இவையெல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வந்தால் பிப்ரவரி 13க்கும் 23க்கும் இடையில் ஓர் இடைவெளி தெரிந்தது. கடைசியாக அம்மா நாட்காட்டியை எடுத்துச் சூலம் பார்த்தார். திங்களும் சனியும் கிழக்கே சூலம், மலேசியா நமக்குக் கிழக்கு. வியாழன் தெற்கே சூலம் என்பதால் தடையில்லை. வியாழக்கிழமை இரவு கிளம்புவது என்று முடிவாயிற்று. நாள் பார்ப்பதில் எனக்கு ஈடுபாடு குறைவு. ஆனால் பயணம் முழுவதும் அம்மாவின் மனம் நிம்மதியாக இருக்க அது வேண்டும் என்றால், அதுவும் பேரேட்டில் ஏற வேண்டிய செய்திதான்.

மதுரையிலிருந்து கொழும்பு வழியாகப் போகலாம், சென்னை போய்ப் போகலாம், திருச்சியிலிருந்து நேராகப் போகலாம். மூன்றையும் டிக்கெட் விலையால் மட்டும் ஒப்பிடாமல், வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரையான நேரத்தையும் செலவையும் போட்டுப் பார்த்தேன். மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை என்று நான்கு வழிச்சாலையில் காரில் போனால் இரண்டரை மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ நான்கு மணி நேரம். இடையில் விமானம் மாற வேண்டியதில்லை என்பது அம்மாவின் கணக்கில் பெரிய வரவு. திருச்சியையே எடுத்தோம். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிட்டேன். குறைந்த கட்டண விமானங்களில் முதலில் கண்ணில் படும் விலையில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் இடமில்லை. நான்கு பேருக்கு இரண்டு பெரிய பெட்டி போதும் என்று கணக்கிட்டு, எடையைச் சேர்த்தபின் வரும் தொகையைத்தான் விலை என்று எழுதினேன். பெயர் எழுதும் கட்டத்தில் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து நிரப்பினேன். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது; அவர்களின் உதவிப் பக்கத்தில் படித்துவிட்டே நிரப்ப வேண்டும்.

இங்கே ஒரு தவறு செய்தேன். டிக்கெட்டில் 14ஆம் தேதி, 00.30 என்று இருந்தது. நம் வழக்கில் நாள் என்பது சூரியன் உதிக்கும்போது தொடங்குவது; இரவு பன்னிரண்டரை மணி இன்னும் முந்தைய நாளின் இரவுதான். விமானத்தின் நாளோ நள்ளிரவிலேயே மாறிவிடுகிறது. வியாழன் இரவுப் பயணம் என்று தெரிந்து டிக்கெட் எடுத்த நானே, வாடகைக் காருக்குச் சொல்லும்போது டிக்கெட்டைப் பார்த்து "14ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு வந்துருங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். விமானம் போய் ஏறத்தாழ இருபது மணி நேரம் கழித்து வீட்டிலிருந்து கிளம்பியிருப்போம். மகள்தான் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்படும் எந்த டிக்கெட்டையும் "13 வியாழன் இரவு விடிந்தால் 14 வெள்ளி" என்று இரண்டு கிழமையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த விமானம் மலேசிய நேரப்படி காலை ஏழு மணிக்கு மேல் இறங்கும்; அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். விடுதியில் அறை கொடுப்பதோ பிற்பகலில். இரவெல்லாம் தூங்காத அம்மாவை வரவேற்பறை நாற்காலியில் ஏழு மணி நேரம் உட்கார வைக்க மனம் வரவில்லை. ஆகையால் முந்தைய இரவுக்கும் சேர்த்து அறையைப் பதிந்து, மறுநாள் காலைதான் வருவோம், பதிவை ரத்து செய்துவிடாதீர்கள் என்று விடுதிக்கு எழுதி ஒப்புதல் வாங்கினேன். தங்காத இரவுக்குப் பணம் கட்டுவதா என்று கணவர் கேட்டார். வயதானவர்களோடு போகும் பயணத்தில் நான் மிகச் சரியாகச் செலவழித்த தொகை அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தங்கினோம். மத்திய ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம், தெருவெல்லாம் தமிழ்ப் பேச்சு, காலையில் இட்லி. விமான நிலையத்திலிருந்து வேக ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும், ஆனால் ஆளுக்கு 55 வெள்ளி. மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்கிறார்கள்; தாத்தாவும் அப்படித்தான் சொல்வாராம், அதனால் பேரேட்டிலும் வெள்ளி என்றே எழுதினேன். நான்கு பேருக்கு 220 வெள்ளி என்பதைவிடச் செயலியில் அழைக்கும் வாடகைக் கார் பாதிக்கும் குறைவு, பெட்டியைத் தூக்கவும் வேண்டாம். தனியாகப் போகிறவருக்கு ரயில் நல்லது, குடும்பத்துக்குக் கார் நல்லது. அந்தச் செயலியை ஊரிலிருந்தே நிறுவி எண்ணைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணும் (OTP) நம் இந்தியக் கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும் என்பதால், ஒரு கைப்பேசியிலாவது வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறும் வசதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

பினாங்கில் தங்குமிடம் தேடிய வாரத்தில்தான் அஞ்சடி கிடைத்தது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் நகரம். பழைய கடைவீடுகள் பலவற்றை விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது, செங்குத்தான மரப்படிதான். விருந்தினர் எழுதிய கருத்துகளில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்களின் குறைகளை மட்டும் படித்தேன். இளைஞர் ஒருவருக்குத் தெருச் சத்தம் குறை. அது எங்களுக்குப் பொருட்டில்லை. இன்னொருவர் பெட்டியோடு மூன்று மாடி ஏறியதை எழுதியிருந்தார். அந்த விடுதியை அடித்துவிட்டேன். லிஃப்ட் உள்ள ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பினாங்கு வீதிக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் தெருக்காட்சியைத் திறந்து ஒவ்வோர் அடியாக நகர்த்திக்கொண்டிருந்தபோது, அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைவீடுகளின் முன்புறத்தில், மேல் மாடியின் அடியில், தூண்களுக்கும் சுவருக்கும் நடுவே வெயிலும் மழையும் படாத ஒரு நடைபாதை வீட்டுக்கு வீடு தொடர்ந்துகொண்டே போயிற்று. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த திட்டத்திலேயே இடம்பெற்ற, ஐந்தடி அகலத்தில் விடவேண்டிய நடைபாதை அது. அங்குள்ள தமிழர் அதை அஞ்சடி என்கிறார்கள். நான் படித்துச் சொன்னதும் அம்மா திரையில் இருந்த தூணை விரலால் தொட்டுப் பார்த்தார். "நம்ம திண்ணை மாதிரிதான்" என்றார். அதன் பிறகு தெருவை நகர்த்தச் சொல்லவில்லை.

அறை வாடகையோடு வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி உண்டு. பெரும்பாலும் அது இணையத்தில் காட்டும் தொகையில் சேராது, விடுதியில் போய்த்தான் கட்ட வேண்டும். இரண்டு அறை, ஒன்பது இரவு, 180 வெள்ளி என்று முன்பே எழுதிவைத்தேன். எல்லா அறைகளையும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய முறையிலேயே பதிந்தேன். சற்று விலை கூடுதல்தான், ஆனால் உடம்பு முடியாமல் போகக்கூடிய ஒருவரோடு போகும்போது அதை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

நாள் திட்டத்துக்கு ஒரே விதி வைத்தேன்: பகல் பன்னிரண்டுக்குள் ஒன்று, மாலை ஐந்துக்கு மேல் ஒன்று, இடையில் அறைக்குத் திரும்பி ஓய்வு. ஐந்து நாளுக்கு ஒரு நாளை எதுவும் எழுதாமல் விட்டேன். பத்துமலைக்கு மத்திய நிலையத்திலிருந்து நகர ரயிலில் வெயில் ஏறுமுன் போனோம். 272 படி அம்மாவால் ஏற முடியாது என்பது தெரிந்ததே. 2006இல் எழுப்பிய 140 அடி முருகன் கீழேதான் நிற்கிறார் என்பதால் அம்மாவுக்குக் குறையில்லை. முதலில் நானும் மகளும் ஏறி வந்தோம், கணவர் அம்மாவோடு இருந்தார், பிறகு அவர் ஏறினார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரத்தில் போகும் விமானம் இருந்தும் ரயிலை எடுத்தது கணவருக்காக. ரயிலிலிருந்து இறங்கி, படகில் ஏறி, தாத்தா வந்ததுபோல் கடல் வழியாக ஜார்ஜ் டவுனை நெருங்கியது எனக்காக. 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் காரில் வந்திருந்தால் அந்தக் கரை அப்படி மெதுவாகக் கிட்ட வந்திருக்காது.

பினாங்கில் இரண்டாம் நாள் காலை அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. அன்றைக்குப் பினாங்கு மலைக்குப் போவதாக இருந்தது. 1923 முதல் ஓடும் மலை ரயில் அது. ஒரு நாள் தள்ளினால் ஓடிவிடாது. எழுதாமல் விட்டிருந்த மறுநாளுக்கு அதை நகர்த்திவிட்டு, அம்மா அறையில் காலை நீட்டி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். வெற்று நாளைப் பார்த்து "இதில் என்ன செய்யப் போகிறோம்" என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. இதற்குத்தான் அந்த நாள்.

பணத்தைப் பற்றி மூன்று செய்தி மட்டும். வங்கியில் வாங்கிய முன்பணப் பயண அட்டையில் பாதியும், ஒரு சிறு பகுதி ரொக்கமாகவும், அவசரத்துக்கு டெபிட் அட்டையும் வைத்திருந்தோம். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமே திறக்கும்வரை மூடியே இருக்கும். ஊரைவிட்டுக் கிளம்பும்முன் திறந்து, வரம்பும் வைக்க வேண்டும். கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயில் எடுக்கட்டுமா, வெள்ளியில் எடுக்கட்டுமா என்று கருவி கேட்கும். ரூபாய் என்றதும் நமக்குப் பழகிய கணக்கு என்று கை அங்கே போகும். போகக்கூடாது. அந்த மாற்று விகிதம் கடைக்காரர் பக்கத்துக் கருவி வைப்பது, நம் வங்கியினுடையதைவிட மோசமாகவே இருக்கும். எப்போதும் வெள்ளியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயணக் காப்பீட்டில் வயதானவர்களுக்கு முன்பே உள்ள நோய்கள் சேருமா என்று பத்திரத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஊறுகாயும் தக்காளித் தொக்கும் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கருதப்படும், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள் என்பதால் பெரிய பெட்டியில் கட்டி வையுங்கள். பாஸ்போர்ட் நகல்கள் ஒருவரிடம், அசல் இன்னொருவரிடம். நகல்கள் அம்மாவின் மஞ்சள் பையில் இருந்தன.

ஊர் திரும்பி, சிவராத்திரிக்கு முந்தைய நாள் கணக்கை முடித்தேன். நான்கு பேருக்கு 1,96,000 ரூபாய் என்று போட்டிருந்தேன்; ஆனது 2,03,400. சாப்பாட்டில் 2,100 மிச்சம். உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 12,000 போட்டிருந்த இடத்தில் 18,500 ஆகியிருந்தது. நடந்துவிடலாம் என்று நான் நினைத்த தூரங்களுக்கெல்லாம் அம்மாவுக்காகக் கார் எடுத்ததுதான் காரணம். சில்லறைச் செலவிலும் 3,000 கூடிற்று. அடுத்தமுறை எவராவது பெரியவர்களோடு போவதாக என்னிடம் கேட்டால், வண்டிக்கு மட்டும் ஒன்றரை மடங்கு எழுதச் சொல்வேன்.

பினாங்கு வீதிக்குப் போன நாளின் பக்கத்தில் நேரம் எதுவும் குறிக்கவில்லை. கடிதத்தில் இருந்த கதவு எண்ணைத் தேடி அஞ்சடி வழியாகவே நடந்தோம். தூணுக்குத் தூண் அம்மா நின்று நின்று வந்தார். அந்த எண்ணில் இப்போது ஒரு துணிக்கடை இருக்கிறது. விவரத்தைக் கேட்டதும் கடைக்காரர், "உட்காருங்கம்மா, பசியாறியாச்சா?" என்று கேட்டு, உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அஞ்சடியில் போட்டார். அம்மா பதினோரு மணிவரை அங்கே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் படியில் உட்கார்ந்திருந்தோம். அன்றைய பக்கத்தில் செலவு இப்படி இருக்கிறது: தேநீர் 4, வெள்ளி 8; மல்லிகைப்பூ, வெள்ளி 5; திரும்பி வரக் கார், வெள்ளி 7.